எத்தியோப்பியா போகிறேன்: மஞ்சள் காய்ச்சல் ஊசி மட்டும் போதுமா?

வாலாஜாக்காரன் கேட்டது:

எல்லாருக்கும் வணக்கம். ராணிப்பேட்டையில் தோல் ஷாப்பில் வெட் ப்ளூ (குரோமில் பதனிட்ட ஈரத் தோல்) செக்‌ஷனில் வேலை. எத்தியோப்பியாவில் மோஜோ என்ற ஊரில் ஒரு டேனரியில் (தோல் பதனிடும் ஆலை) இரண்டு வருட ஒப்பந்தம் கிடைத்திருக்கிறது. இன்னும் ஆறு வாரத்தில் கிளம்ப வேண்டும். வயது 34, எந்த வியாதியும் இல்லை.

கம்பெனி "ஒரு மஞ்சள் காய்ச்சல் ஊசி போட்டுக்கொள், அது போதும்" என்கிறது. ஏஜென்ட்டோ, "இந்தியாவிலிருந்து நேராகப் போகிறவர்களிடம் எத்தியோப்பியாவில் அதைக் கேட்கவே மாட்டார்கள், வீண் செலவு" என்கிறார். இன்னொருவர் ஊசியே போடாமல் மஞ்சள் அட்டை (ஊசி போட்டதற்கான சான்று) மட்டும் வாங்கித் தருகிறேன் என்கிறார். யார் பேச்சைக் கேட்பது?

அந்த ஊசியை வேலூரிலேயே போட முடியுமா, சென்னைக்குத்தான் போக வேண்டுமா? வேறு என்ன ஊசி வேண்டும்? மலேரியா மாத்திரை இரண்டு வருஷமும் தினம் சாப்பிட வேண்டுமா?

நான்கு மாதம் கழித்து மனைவியும் குழந்தையும் வருவார்கள், குழந்தைக்கு இப்போது 14 மாதம். அப்பாவுக்கு 63, சர்க்கரை உண்டு. அவரும் ஒரு மாதம் வந்து இருந்துவிட்டுப் போக ஆசைப்படுகிறார். விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

---

ஆம்பூர் ஹெச்ஆர்:

தம்பி, ஏஜென்ட் சொன்னதில் பாதி சரி, மீதிப் பாதி உங்களை மாட்டிவிடும். எத்தியோப்பியா அந்தச் சான்றைக் கேட்பது மஞ்சள் காய்ச்சல் உள்ள நாட்டிலிருந்து வருபவர்களிடம். இந்தியாவில் அந்தக் காய்ச்சல் இல்லை, அதனால் போகும்போது அங்கே கேட்காமல் விடலாம். திரும்பி வரும்போதுதான் சிக்கல். எத்தியோப்பியா மஞ்சள் காய்ச்சல் நாடுகளின் பட்டியலில் இருக்கிறது. அங்கிருந்து கிளம்பி ஆறு நாளுக்குள் இந்தியாவில் இறங்கும் யாரானாலும், இந்தியக் குடிமகனே ஆனாலும், செல்லுபடியாகும் சான்று காட்ட வேண்டும். இல்லாவிட்டால் விமான நிலையத்திலிருந்து வீட்டுக்கு விட மாட்டார்கள், ஆறு நாள் வரை தனிமை முகாம். சென்னையில் இறங்கினாலும் பெங்களூரில் இறங்கினாலும் சட்டம் ஒன்றுதான். அவசர லீவில் ஓடி வருகிறவர்கள்தான் இதில் அதிகம் சிக்குகிறார்கள்.

நம் அரசு இதில் இவ்வளவு கெடுபிடி காட்டக் காரணம் உண்டு. மஞ்சள் காய்ச்சலைப் பரப்புவது ஏடிஸ் எஜிப்தி கொசு, இங்கே டெங்குவைப் பரப்புகிற அதே கொசு. நம் ஊரில் அதற்குப் பஞ்சமே இல்லை, மக்களில் யாருக்கும் அந்தக் காய்ச்சலுக்கு எதிர்ப்புச் சக்தியும் இல்லை. இரத்தத்தில் வைரஸோடு ஒருவர் வந்து இறங்கினால் போதும்.

அட்டை மட்டும் வாங்கித் தருகிற ஆளை விட்டு விலகுங்கள். போலி ஆவணம் என்ற குற்றம் ஒரு பக்கம். அட்டையில் ஊசி மருந்தின் பேட்ச் எண்ணும் மையத்தின் முத்திரையும் இருக்கும், சந்தேகம் வந்தால் மையத்தின் பதிவேட்டோடு ஒப்பிட்டுப் பார்ப்பார்கள். எல்லாவற்றுக்கும் மேலே, உடம்பில் மருந்து போகவில்லை. மஞ்சள் காய்ச்சல் முற்றிவிட்டால் அதைக் குணப்படுத்த மருந்து கிடையாது.

ஊசியை எந்த டாக்டர் போட்டாலும் அது சான்றாகாது. மத்திய சுகாதார அமைச்சகம் அங்கீகரித்த மையத்தில் போட்டால்தான் சர்வதேசச் சான்று. சென்னையில் இரண்டு இடம் எல்லாருக்கும் தெரிந்தது: கிண்டி கிங் நோய்த்தடுப்பு மருந்து நிலையம், ராஜாஜி சாலையில் துறைமுகச் சுகாதார அலுவலகம். காட்பாடியிலிருந்து ரயிலில் சென்ட்ரல் போய், மெட்ரோவில் கிண்டியில் இறங்கினால் முதல் இடத்துக்கு ஆட்டோ தூரம். ஆனால் நினைத்த நாளில் போய் நிற்காதீர்கள். இந்த மருந்து பல டோஸ் கொண்ட குப்பியாக வருகிறது. கரைத்துவிட்டால் ஆறு மணி நேரத்துக்குள் போட்டு முடிக்க வேண்டும், மிச்சத்தைக் கொட்ட வேண்டியதுதான். அதனால் குறிப்பிட்ட நாட்களில், முன்பதிவு செய்தவர்களைக் கூட்டி ஒன்றாகப் போடுவார்கள். இன்றே முன்பதிவைப் பாருங்கள், மற்றதெல்லாம் அதற்குப் பிறகு.

போகும்போது அசல் பாஸ்போர்ட், அதன் நகல், சாப்பிடுகிற மருந்துகளின் சீட்டு மூன்றும் கையில் இருக்கட்டும். அட்டை கைக்கு வந்ததும் கவுண்டரை விட்டு நகராமல் அங்கேயே படியுங்கள். பெயர் பாஸ்போர்ட்டில் உள்ள எழுத்துக்கு எழுத்து அப்படியே இருக்க வேண்டும். இனிஷியல் முன்னால் வருவதும் பின்னால் வருவதும் நம் ஆட்களுக்கு ஓயாத தொல்லை. பாஸ்போர்ட் எண், பிறந்த தேதி, ஊசி போட்ட தேதி, மருந்து தயாரித்த நிறுவனம், பேட்ச் எண், போட்டவர் கையால் இட்ட கையெழுத்து, மையத்தின் முத்திரை, இத்தனையும் இருக்கிறதா பாருங்கள். அடித்துத் திருத்திய அட்டை செல்லாமல் போகலாம், புதிதாக எழுதித் தரச் சொல்லுங்கள். உங்கள் கையெழுத்தும் அதில் வேண்டும். குழந்தைக்குப் பெற்றோர் கையெழுத்துப் போடலாம். லேமினேட் மட்டும் செய்யாதீர்கள், பிறகு வேறு ஊசி போட்டால் அதில் எழுத முடியாது.

ஊசி போட்ட பத்தாம் நாளிலிருந்துதான் சான்று செல்லும். அதன்பின் ஆயுளுக்கும் செல்லும், 2016 ஜூலை 11 முதல் விதி அப்படி. "பத்து வருஷம்" என்று அச்சடித்த பழைய அட்டை வைத்திருப்பவர்களும் மறுபடி போட வேண்டியதில்லை.

---

அரும்பருத்தி டாக்டர்:

ஆவண விஷயத்தை ஆம்பூர்க்காரர் நன்றாகச் சொல்லிவிட்டார். நான் உடம்பு விஷயத்துக்கு வருகிறேன்.

குமாஸ்தா கேட்கிற ஊசி ஒன்றுதான். உங்களைப் படுக்க வைக்கக்கூடிய நோய்களை விமான நிலையத்தில் யாரும் கேட்பதில்லை. மோஜோவுக்குப் போகிறவருக்கு என் வரிசை: மலேரியா, டைபாய்டு, ஹெபடைடிஸ் (கல்லீரல் அழற்சி), வெறிநாய்க்கடி, அப்புறம்தான் மஞ்சள் காய்ச்சல்.

முதலில் ஒரு எச்சரிக்கை. மஞ்சள் காய்ச்சல் ஊசி உயிருள்ள, வீரியம் குறைத்த வைரஸ். எம்.எம்.ஆர். (தட்டம்மை, பொன்னுக்கு வீங்கி, ருபெல்லா), சின்னம்மை ஊசிகளும் அந்த ரகம். இந்த ரகத்தில் இரண்டைப் போடுவதானால் ஒரே நாளில் போட வேண்டும், இல்லையென்றால் இடையில் நான்கு வாரம் விட வேண்டும். அக்கம்பக்கத்து கிளினிக்கில் "எல்லாம் போட்டுவிடுவோம்" என்று எம்.எம்.ஆரைப் போட்டுக்கொண்டு அடுத்த வாரம் கிண்டிக்குப் போனால் திருப்பி அனுப்புவார்கள். ஆறு வாரத்தில் நான்கு வாரம் அங்கேயே போய்விடும். டைபாய்டு, ஹெபடைடிஸ், டி.டி., வெறிநாய்க்கடி ஊசிகளுக்கு இந்தக் கட்டுப்பாடு இல்லை. அவற்றை மஞ்சள் காய்ச்சல் ஊசி நாளிலும் போடலாம், முன்னும் பின்னும் போடலாம், இடம் மட்டும் வேறு வேறாக இருந்தால் போதும்.

இந்த வாரமே இரண்டு இரத்தப் பரிசோதனை செய்துவிடுங்கள். ஒன்று ஹெபடைடிஸ் ஏ ஐஜிஜி, அதாவது அந்தக் கிருமிக்கு எதிராக இரத்தத்தில் உள்ள எதிர்ப்புப் பொருள். நம் ஊரில் 30 வயதைத் தாண்டிய பலருக்குச் சிறுவயதிலேயே அந்தக் கிருமி வந்து போயிருக்கும். பாசிட்டிவ் என்றால் அந்த ஊசியே வேண்டாம், பணம் மிச்சம். இன்னொன்று ஹெபடைடிஸ் பி எதிர்ப்பு அளவு, ஆன்ட்டி ஹெச்.பி.எஸ். 10 அலகும் அதற்கு மேலும் இருந்தால் பாதுகாப்பு உண்டு. உங்கள் வயதுக்காரர்கள் பிறந்தபோது அரசு அட்டவணையில் ஹெபடைடிஸ் பி கிடையாது, அதனால் போடாமல்தான் இருப்பீர்கள். வழக்கமான முறை 0, 1, 6 மாதம். உங்களுக்கு நேரமில்லை, ஆகவே 0, 7, 21ஆம் நாள் என்ற வேக முறை. அதில் பன்னிரண்டாம் மாதம் நான்காவது ஊசி கட்டாயம், லீவில் வரும்போது மறக்கக் கூடாது.

டைபாய்டுக்கு கான்ஜுகேட் (கிருமியின் ஒரு பகுதியைப் புரதத்தோடு இணைத்த வகை) ஊசி, 0.5 மி.லி., ஒரே டோஸ், தசையில். கிளம்ப இரண்டு வாரம் முன்பாவது போட்டுவிடுங்கள். "எனக்குத்தான் சின்ன வயதில் டைபாய்டு வந்ததே" என்பார்கள், அது ஆயுளுக்கும் காக்காது. பழைய டி.டி.யில் டெட்டனஸ் மட்டும் இருந்தது. இப்போது வருவது டிப்தீரியாவும் சேர்ந்தது. பத்து வருடத்துக்குள் போட்டதாக நினைவில்லையென்றால் ஒன்று போடுங்கள். கத்தியும் கம்பியும் புழங்குகிற தொழில் உங்களுடையது.

வெறிநாய்க்கடி ஊசியை முன்கூட்டியே போடச் சொன்னால் சிரிப்பார்கள். கடித்த பிறகு போட்டால் போதாதா என்று கேட்பார்கள். இங்கே போதும். அங்கே பிரச்சினை ஊசி அல்ல, இம்யூனோகுளோபுலின். காயத்தைச் சுற்றிச் செலுத்தும் அந்த மருந்து சிறு ஊர்களில் கிடைப்பது கடினம். 0, 7ஆம் நாள் என இரண்டு முறை முன்பே போட்டிருந்தால், கடித்த பிறகு 0, 3ஆம் நாள் இரண்டு ஊசி மட்டும் போதும், இம்யூனோகுளோபுலின் தேவையே இல்லை. முன்பே போட்டிருந்தாலும் இல்லாவிட்டாலும், கடித்தவுடன் ஓடுகிற தண்ணீரில் சோப்புப் போட்டு 15 நிமிடம் கழுவுங்கள். 14 மாதக் குழந்தை நாய் நக்கியதையும் பூனை பிறாண்டியதையும் சொல்லாது, அதனால் குழந்தைக்கும் இதைப் பரிந்துரைப்பேன்.

மெனிங்கோகாக்கல் ஊசி: மூளைக்காய்ச்சல் வளையம் என்று செனகலிலிருந்து எத்தியோப்பியா வரை ஒரு பட்டை இருக்கிறது. டிசம்பர் முதல் ஜூன் வரையுள்ள வறண்ட மாதங்களில் அங்கே கூடுதல். இரண்டு வருடம் தங்குகிறவர் ஏ, சி, ஒய், டபிள்யூ நான்கும் சேர்ந்த கான்ஜுகேட் ஊசி ஒன்று போட்டுக்கொள்வது நல்லது.

காலரா ஊசி வேண்டாம். நிவாரண முகாமில் வேலை செய்பவர்களுக்குத்தான் அது.

அப்பாவைப் பற்றிக் கவனமாகக் கேளுங்கள். சர்க்கரை ஒரு தடையே இல்லை, வயதுதான் யோசிக்க வைக்கிறது. 60க்கு மேல் முதல் முறையாக மஞ்சள் காய்ச்சல் ஊசி போடும்போது, ஊசி வைரஸே கல்லீரல், சிறுநீரகத்தைத் தாக்கும் அபூர்வமான பக்கவிளைவு இளையவர்களைவிட அதிகம். லட்சத்தில் ஒருவர் என்ற அளவு, 70க்கு மேல் இன்னும் கூடும். எண்ணிக்கை சிறியது, ஆனால் வந்தால் உயிருக்கு ஆபத்து. தைமஸ் (நெஞ்செலும்புக்குப் பின்னால் உள்ள சுரப்பி) நோய் இருந்தவர்கள், தைமஸை எடுத்தவர்கள், முட்டை கடும் ஒவ்வாமை உள்ளவர்கள், மூட்டுவாதத்துக்கு மெத்தோட்ரெக்சேட் எடுப்பவர்கள், தினம் 20 மி.கி.க்குக் குறையாமல் ஸ்டீராய்டு இரண்டு வாரத்துக்கு மேல் எடுப்பவர்கள் போடக் கூடாது. அப்பா என்னென்ன மாத்திரை சாப்பிடுகிறார் என்று சீட்டைப் பாருங்கள். "மூட்டு வலிக்கு ஏதோ ஒன்று" என்பதுதான் பல சமயம் மெத்தோட்ரெக்சேட்.

போடக் கூடாதவருக்கு மருத்துவ விலக்குக் கடிதம் எழுதித் தர முடியும். ஆனால் அதை ஏற்பது இறங்கும் இடத்துச் சுகாதார அதிகாரியின் முடிவு, கடிதம் இருந்தும் தனிமைப்படுத்தலாம். ஒரு மாதப் பயணத்துக்கு இந்தத் தலைவலி தேவையா என்பதைக் குடும்பமாக உட்கார்ந்து பேசுங்கள். நீங்கள் லீவில் வருவது அவருக்குச் சுலபம் என்பது என் கருத்து.

குழந்தை 9 மாதம் தாண்டிவிட்டதால் மஞ்சள் காய்ச்சல் ஊசி போடலாம். ஆனால் 16 மாதத்தில் வரவேண்டிய எம்.ஆர். (தட்டம்மை, ருபெல்லா) இரண்டாம் டோஸ் இருக்கிறது, அதுவும் உயிருள்ள ரகம். நான்கு மாதம் கையில் உள்ளதால் இரண்டுக்கும் நடுவில் நான்கு வாரம் விட்டுத் திட்டமிடுங்கள். மனைவி மஞ்சள் காய்ச்சல் ஊசி போட்ட பிறகு நான்கு வாரம் கருத்தரிக்காமல் இருக்க வேண்டும், ஊசிக்கு முன் கர்ப்பம் இல்லை என்பதையும் உறுதி செய்யுங்கள்.

ஊசி போட்டபின் அரை மணி நேரம் மையத்திலேயே உட்காருங்கள். ஐந்து முதல் பத்து நாளுக்குள் லேசான காய்ச்சல், உடம்பு வலி வரலாம், பாராசிட்டமால் போதும். நான்கு வாரத்துக்கு இரத்த தானம் கூடாது.

---

காட்பாடி மெடிக்கல்ஸ்:

டாக்டர் சொன்ன ஊசிகளைக் கடையில் வாங்கி கிளினிக்குக்கு எடுத்துப் போகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. வேலூர் சி.எம்.சி. ஆஸ்பத்திரி எதிரே வரிசையாக மருந்துக் கடை இருக்கிறது, வாங்குவது சுலபம். கெடுவதெல்லாம் கடையிலிருந்து டாக்டர் மேசை வரைக்குமான வழியில்தான். எல்லாத் தடுப்பூசிக்கும் 2 முதல் 8 டிகிரி. சித்திரை வெயிலில் பைக் பெட்டிக்குள் வைத்துப் போனால் என்ன ஆகும் என்று சொல்ல வேண்டியதில்லை. ஆனால் ஐஸோடு ஒட்டிக் கொண்டுபோவது அதைவிட மோசம். ஹெபடைடிஸ் பி, டி.டி. ஊசிகளில் அலுமினியம் உப்பு கலந்திருக்கும். ஒரு தடவை உறைந்தால் அது கட்டி கட்டியாகி மருந்து வேலை செய்யாது. உருகியபின் பார்த்தால் சாதாரணமாகத்தான் தெரியும். குலுக்கி வைத்துப் பாருங்கள், உறைந்த மருந்து சீக்கிரம் அடியில் படியும், மேலே தெளிந்த நீர் நிற்கும். ஐஸ் பேக்கை ஒரு துணியில் சுற்றி, நடுவில் அட்டை வைத்து, ஊசியை மேலே வையுங்கள். வீட்டு ஃப்ரிட்ஜில் ஓர் இரவு வைக்க நேர்ந்தால் நடுத்தட்டு. ஃப்ரீசரும் வேண்டாம், கதவும் வேண்டாம். முடிந்தால் ஊசி போடும் இடத்திலேயே மருந்தும் இருக்கிற கிளினிக்காகப் பாருங்கள். பில்லில் பேட்ச் எண்ணும் காலாவதி தேதியும் இருக்க வேண்டும், அதை வைத்துக்கொள்ளுங்கள்.

மலேரியா மாத்திரை விஷயம். மூன்று வகை உண்டு, மூன்றுக்கும் கணக்கு வேறு.

டாக்ஸிசைக்ளின் 100 மி.கி. தினம் ஒன்று. போவதற்கு ஒன்றிரண்டு நாள் முன்பு தொடங்கி, திரும்பியபின் நான்கு வாரம். மலிவு, எல்லாக் கடையிலும் கிடைக்கும். சாப்பிட்டபின், ஒரு முழு டம்ளர் தண்ணீரோடு விழுங்கி, அரை மணி நேரம் படுக்காமல் இருக்க வேண்டும். இராத்திரி படுக்கப் போகும்போது ஒரு மடக்குத் தண்ணீரில் விழுங்கினால் மாத்திரை உணவுக்குழாயில் ஒட்டிப் புண்ணாக்கும், மறுநாள் நெஞ்செரிச்சல் என்று கடைக்கு வருவார்கள். பால், ஜெலுசில், இரும்பு மாத்திரை இவற்றோடு சேர்த்துச் சாப்பிட்டால் மருந்து ஏறாது. வெயிலில் தோல் சீக்கிரம் சிவக்கும். கர்ப்பிணிக்கும் 8 வயதுக்குக் கீழ் குழந்தைக்கும் கூடாது.

அடோவாகுவோன்-ப்ரோகுவானில் தினம் ஒன்று, திரும்பியபின் ஏழு நாள் மட்டும். தொல்லை குறைவு, விலை அதிகம். எல்லாக் கடையிலும் இருக்காது, முன்கூட்டியே சொல்லி வரவழைக்க வேண்டும். கொழுப்புள்ள சாப்பாட்டோடு எடுத்தால்தான் உடம்பில் ஏறும்.

மெஃப்ளோகுவின் 250 மி.கி. வாரம் ஒன்று, இரண்டு மூன்று வாரம் முன்பே தொடங்கி, வந்தபின் நான்கு வாரம். மன அழுத்தம், வலிப்பு முன்பு இருந்தவர்கள் பக்கமே போகக் கூடாது. கெட்ட கனவு, படபடப்பு வந்தால் டாக்டரிடம் சொல்லி மாற்ற வேண்டும்.

குளோரோகுவின் பத்து ரூபாய்க்குக் கிடைக்கிறதே என்று அதை எடுத்துக்கொண்டு போகாதீர்கள். அங்குள்ள ஃபால்சிபாரம் (கொடிய வகை மலேரியாக் கிருமி) அதற்கு அடங்காது.

கொசு விரட்டி க்ரீம் வாங்கும்போது டப்பாவின் பின்பக்கம் பாருங்கள். டீட் 20 முதல் 30 சதவீதம், அல்லது பிகாரிடின் 20 சதவீதம். சன்ஸ்க்ரீன் பூசுவதானால் அது முதலில், விரட்டி மேலே. குழந்தையின் உள்ளங்கையில் பூசக் கூடாது, வாயில் வைத்துக்கொள்ளும். பெர்மெத்ரின் என்ற பூச்சிக்கொல்லி தோய்த்த கொசுவலை ஆளுக்கு ஒன்று இங்கிருந்தே எடுத்துப் போங்கள். பேதிக்கு ஓ.ஆர்.எஸ். ஒரு லிட்டர் பாக்கெட் பத்து, ஒரு பாக்கெட்டுக்குச் சரியாக ஒரு லிட்டர் தண்ணீர். பாதி பாக்கெட்டை டம்ளரில் கலக்குவதெல்லாம் உப்பு கூடிப் பேதியை அதிகமாக்கும்.

---

வாலாஜாக்காரன்:

மூவருக்கும் ரொம்ப நன்றி. கிண்டியில் முன்பதிவு பார்க்கிறேன். தலைநகர் அடிஸ் அபாபாவில் மலேரியாவே இல்லை என்கிறார்கள். மோஜோ பக்கத்தில்தானே இருக்கிறது, மாத்திரை தேவையா? இரண்டு வருஷமும் தினம் என்றால் தாங்குமா?

---

அரும்பருத்தி டாக்டர்:

கிலோமீட்டரைப் பார்க்காதீர்கள், உயரத்தைப் பாருங்கள். அடிஸ் அபாபா சுமார் 2,350 மீட்டர் உயரம். அந்தக் குளிரில் கொசுவின் உடம்பில் மலேரியாக் கிருமி முதிர்வதில்லை. மோஜோ அதிலிருந்து சுமார் 70 கி.மீ. இறக்கம், ஏறத்தாழ 1,800 மீட்டர்தான். அங்கே மலேரியா உண்டு.

இன்னொன்று: நம் ஊர் மேல்நிலைத் தொட்டியிலும் கிணற்றிலும் முட்டையிடும் அனோஃபிலிஸ் ஸ்டீஃபென்சி கொசு ஆப்பிரிக்காவுக்குப் போய்ச் சேர்ந்துவிட்டது. 2012இல் பக்கத்து நாடான ஜிபூத்தியில் கண்டார்கள், 2016இல் எத்தியோப்பியாவில். 2022இல் டிரே தவா நகரில் வறண்ட காலத்திலேயே மலேரியா பரவியதற்கு அதுதான் காரணம். கிராமத்துச் சதுப்பில்தான் மலேரியா என்ற பழைய கணக்கு இனி செல்லாது. டேனரி வளாகத்தில் திறந்த தண்ணீர்த் தொட்டிக்குக் குறைவிருக்காது. நீங்கள் தங்கும் குவார்ட்டர்ஸின் தொட்டிக்கு மூடி இருக்கிறதா என்று முதல் நாளே பாருங்கள்.

இரண்டு வருடம் தினம் மாத்திரை சாப்பிடுகிறவர்கள் குறைவு, பாதியில் விட்டுவிடுவார்கள். அங்கே மலேரியா உச்சம் மழை முடிந்த செப்டம்பர் முதல் டிசம்பர் வரை, சிறிய உச்சம் ஏப்ரல் முதல் ஜூன் வரை. குறைந்தது முதல் சில மாதமும், பிறகு அந்தப் பருவங்களிலும் மாத்திரை, மற்றக் காலத்தில் வலையும் விரட்டியும் என்று உங்கள் டாக்டரோடு பேசி முடிவு செய்யலாம். குழந்தை வந்துவிட்டால் அதன் எடையைப் பார்த்துத்தான் மருந்து. அந்த அளவை நீங்களாக மாத்திரையை உடைத்துத் தீர்மானிக்கக் கூடாது.

ஊசியில்லாத இரண்டு விஷயம் உங்கள் தொழிலுக்கென்றே சொல்கிறேன். பச்சைத் தோல் இறக்கும் இடத்தில் அடைப்பான் (ஆந்த்ராக்ஸ்) நோய்க் கிருமி இருக்கலாம், வேலூர் வட்டாரத்துக்கு அது புதியதல்ல. கையிலோ முன்கையிலோ அரிப்போடு ஒரு கொப்புளம், இரண்டொரு நாளில் நடுவில் கரியைப் போலக் கறுத்த பொருக்கு, சுற்றி வீக்கம், ஆனால் வலி இல்லை என்றால் அன்றே டாக்டரிடம் போங்கள், "பச்சைத் தோலில் வேலை" என்று முதல் வாக்கியமாகச் சொல்லுங்கள். சொல்லாவிட்டால் சாதாரணக் கட்டி என்று கீறிவிடுவார்கள், அதைக் கீறக் கூடாது. கையுறை இல்லாமல் பச்சைத் தோலைத் தொடாதீர்கள். காய்ச்சாத பாலும் வேண்டாம், புருசெல்லா (கால்நடையிலிருந்து தொற்றும் காய்ச்சல்) வரும்.

சாப்பாட்டில் இன்ஜெரா (தோசை போன்ற புளித்த அப்பம்) பயமில்லை. பண்டிகை நாளில் பச்சை மாட்டிறைச்சியை வெட்டி அப்படியே பரிமாறுவது அங்கே மரியாதை, கிட்ஃபோ என்று மசாலா போட்டுக் கொத்தியும் தருவார்கள். நாடாப்புழு அதில்தான் வருகிறது. கிட்ஃபோவை நன்றாக வேகவைத்துத் தரச் சொல்லிக் கேட்கலாம், யாரும் தவறாக நினைக்க மாட்டார்கள். ஏரிகளில் இறங்கிக் குளிக்காதீர்கள், நத்தை வழியாகப் பரவும் சிஸ்டோசோமா புழு தோலைத் துளைத்து உள்ளே போகும்.

---

விஷாரத்தான்:

இடையில் புகுந்து கேட்கிறேன், மன்னிக்கவும். எங்கள் அம்மா மேல்விஷாரத்திலிருந்து உம்ரா போகிறார். மேலே சொன்ன அதே மூளைக்காய்ச்சல் ஊசிதானா? மஞ்சள் காய்ச்சலும் போட வேண்டுமா?

---

ஆம்பூர் ஹெச்ஆர்:

பாய், அதே ஊசிதான், நான்கு வகையும் சேர்ந்தது. சவூதி போய் இறங்க குறைந்தது பத்து நாள் முன்பு போட்டிருக்க வேண்டும். கான்ஜுகேட் வகை ஐந்து வருடம் செல்லும், பழைய பாலிசாக்கரைடு வகை மூன்று வருடம். சான்றில் எந்த வகை என்று எழுதாமல் விட்டால் மூன்று வருடமாகத்தான் எடுத்துக்கொள்வார்கள். ஆகவே "கான்ஜுகேட்" என்ற சொல்லை எழுதச் சொல்லி வாங்குங்கள். இந்தியாவிலிருந்து நேராகப் போகிறவருக்கு மஞ்சள் காய்ச்சல் தேவையில்லை. வாலாஜாத் தம்பி அடிஸிலிருந்து சவூதி போவதாக இருந்தால் அந்த அட்டை வேண்டும். ஹஜ் கமிட்டி வழியாகப் போகிறவர்களுக்கு முகாம் வைத்துப் போடுகிறார்கள், உம்ராவுக்கு நாமேதான் பார்த்துக்கொள்ள வேண்டும். அம்மாவுக்கு வயதானால் ஃப்ளூ ஊசியும் சேர்த்துப் போடுங்கள், அத்தனை கூட்டத்தில் முதலில் தொற்றுவது அதுதான். ஒட்டகத்தின் பச்சைப் பாலைக் குடிக்க வேண்டாம் என்று சொல்லி அனுப்புங்கள்.

தம்பிக்கு இன்னொரு குறிப்பு. வேறு நாட்டுக்குப் போகும் வழியில் அடிஸிலோ நைரோபியிலோ விமானம் மாறுகிறவர்களுக்கும் நம் நாட்டு மஞ்சள் காய்ச்சல் விதி பொருந்தும். விமான நிலைய வளாகத்தை விட்டு வெளியே போகாமல் இருந்தவர்களை, இங்குள்ள சுகாதார அதிகாரி ஒப்புக்கொண்டால் விட்டுவிடுவார். ஹோட்டலில் ஓர் இரவு தங்கிவிட்டால் அந்தச் சலுகை இல்லை.

---

வாலாஜாக்காரன்:

கடைசியாக ஒன்று. லீவில் ஊருக்கு வந்தபிறகு காய்ச்சல் வந்தால் எங்கே போவது, என்ன சொல்வது?

---

அரும்பருத்தி டாக்டர்:

எந்த ஆஸ்பத்திரியானாலும் "எத்தியோப்பியாவிலிருந்து வந்தேன்" என்று வாய்விட்டுச் சொல்ல வேண்டும். சொல்லாவிட்டால் இங்கே காய்ச்சலுக்கு முதலில் டெங்கு, டைபாய்டு, உண்ணிக் காய்ச்சல் பார்ப்பார்கள், மலேரியா கடைசியில் நினைவுக்கு வரும். ஃபால்சிபாரத்துக்கு அந்த நான்கு நாள் தாமதம் போதும், சிறுநீரகமும் மூளையும் பாதிக்கும். அங்கே போய்ச் சேர்ந்து ஏழு நாளுக்கு முன் வரும் காய்ச்சல் மலேரியா அல்ல. அதற்குப் பிறகு வருவதெல்லாம், ஊர் திரும்பி மூன்று மாதம் வரை குறிப்பாக, மலேரியா இல்லை என்று நிரூபிக்கும் வரை மலேரியாதான். மாத்திரை ஒழுங்காகச் சாப்பிட்டிருந்தாலும் சரி.

பரிசோதனையில் ஒரு நுணுக்கம். கார்டு டெஸ்ட் என்று விரலில் குத்திப் பார்க்கிறார்களே, அது ஃபால்சிபாரத்தின் ஹெச்.ஆர்.பி.2 என்ற புரதத்தைத் தேடுகிறது. எரித்திரியா, எத்தியோப்பியாப் பக்கத்துக் கிருமிகளில் ஒரு பகுதிக்கு அந்த மரபணுவே கிடையாது. உடம்பில் கிருமி நிறைந்திருந்தும் கார்டு நெகட்டிவ் காட்டும். அதனால் கார்டோடு நிறுத்தாமல் மைக்ராஸ்கோப்பில் பார்க்கும் இரத்த ஸ்மியர் (கண்ணாடித் தகட்டில் பூசிய இரத்தம்), தடித்ததும் மெல்லியதும் இரண்டும், கேட்டு வாங்குங்கள்.

வைவாக்ஸ் என்ற இன்னொரு வகையும் அங்கே உண்டு. அது கல்லீரலில் தூங்கி, பல மாதம் கழித்து எழும். நீங்கள் சாப்பிட்ட தடுப்பு மாத்திரை அந்தத் தூங்கும் கிருமியைத் தொடாது, ப்ரிமாகுவின் வேண்டும். அதைக் கொடுக்கும் முன் ஜி6பி.டி. (இரத்த அணுக்களைக் காக்கும் நொதி) பரிசோதனை கட்டாயம், குறைபாடு உள்ளவருக்கு இரத்த அணுக்கள் உடைந்துவிடும். இப்போது எடுக்கும் இரத்தத்திலேயே அதையும் பார்த்து, முடிவை மஞ்சள் அட்டையோடு வைத்துவிடுங்கள்.

முதல் ஸ்மியர் நெகட்டிவ் என்றாலும் காய்ச்சல் விடவில்லையென்றால் 12 முதல் 24 மணி நேரத்துக்குள் மறுபடி எடுக்க வேண்டும், மூன்று முறை வரை.